பெயர் எழுத இடமில்லாத நன்கொடை

சென்ற ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை, விடுப்பு எடுத்துக்கொண்டு நான் படித்த அரசுப் பள்ளிக்குப் போய்வந்தேன். காங்கேயத்தை அடுத்த சிற்றூர். அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவியாக என்னைச் சேர்த்திருக்கிறார்கள். இதற்கு முன் நடந்த கூட்டங்களில் நான் வாயே திறந்ததில்லை. இந்த முறை பேசாமல் இருக்க முடியாது. வேதியியல் ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். பதிலுக்கு ஆள் வரவில்லை. பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு உண்டா, இல்லையா என்று அன்று முடிவு செய்ய வேண்டும்.

நான் படித்தபோதும் ஆள் இல்லை. அதனால்தான் வணிகவியல் எடுத்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இப்போது கோவை சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். குறையொன்றும் இல்லை. ஆனாலும் மருந்துக்கடையைக் கடக்கும்போது ஸ்பிரிட் வாசனை வந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது.

சிங்காநல்லூரிலிருந்து கரூர், திருச்சி போகும் பேருந்துகள் பல்லடம் வழியாகக் காங்கேயம் போகின்றன. பதினொரு மணி வண்டியில் ஏறினேன். ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். பேச வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

"ஏனுங்க அம்மணி, தனியா பேசிட்டு வாரீங்க, ஊட்டுல சண்டைங்களா?" என்றார் நடத்துநர்.

"இல்லீங்க, மீட்டிங்ல பேசோணும்."

"அப்பச் சத்தமாப் பேசிப் பழகுங்க. எங்களுக்கும் பொழுது போகும்."

அதன்பின் பல்லடம் வரை மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன்.

காங்கேயத்திலிருந்து நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வழியெல்லாம் களங்களில் தேங்காய்ப் பருப்பு காய்ந்தது.

எங்கள் பள்ளியில் மின்விசிறியின் இறக்கையில்கூட 'உபயம்' என்று கொடுத்தவர் பெயர் இருக்கும். விசிறியை நிறுத்தினால்தான் படிக்க முடியும்.

கூட்டத்தில் தலைமையாசிரியை சொன்னார்: "பராமரிப்புக்கு வந்த பணத்துல பெயின்ட் அடிக்கலாம், குழாய் மாத்தலாம். சம்பளம் குடுக்க முடியாதுங்க. தற்காலிகமா ஆள் போட, வெளியிலதான் பணம் பார்க்கோணும்."

ஆயில் மில் முதலாளி ஒருவர் வந்திருந்தார். "கேட்டுக்கு ஆர்ச் ஒண்ணு கட்டித் தாரேனுங்க" என்றார்.

குழுத் தலைவி சரசக்கா தேங்காய்க் களத்தில் வேலை செய்பவர். மகள் காவியாவுக்கு அறிவியல் பிரிவில் சேர ஆசை. "ஆர்ச்சுக்குள்ள பூந்து எம்புள்ள எந்த வகுப்புக்குங்க போறது?" என்று கேட்டார்.

"டீச்சருக்குக் குடுத்தா பேரை எங்கீங்க எழுதறது? டீச்சரம்மா சேலையிலயா?" என்றார் முதலாளி.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன். "ஆய்வகக் கதவுல எழுதலாங்க. விசிறி மாதிரி சுத்தாது. புள்ளைங்க தினமும் படிப்பாங்க."

பேருந்தில் பழகியதில் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். "எங்கப்பா பேரை எழுதோணும். ஆனா சம்பளம் ஒரு வருசத்துக்குத்தானுங்க."

ஒரு வருடம்தான். அதற்குள் நிரந்தர ஆசிரியர் வேண்டும் என்று மனு எழுதி எல்லோரும் கையெழுத்திட்டோம். ஆசிரியரைத் தருவது அரசின் வேலை. ஆண்டுதோறும் ஒரு கதவைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஆய்வகத்தைத் திறந்தார்கள். புதுப் பெயின்ட், உலர்ந்த தொட்டிகள். காவியா ஒரு சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க என்ன குரூப்புங்க?" என்றாள்.

"காமர்ஸ், கண்ணு."

அந்தக் குழாயை என்னிடம் நீட்டினாள். நான் அதைக் கையில் பிடித்தது அதுவே முதல்முறை.

நீங்கள் படித்த பள்ளிக்கும் இப்படி ஒருமுறை போய்வாருங்கள். பணம் எவ்வளவு வந்தது என்பதோடு, எதற்காக வந்தது என்றும் கேளுங்கள். திரும்பும் வண்டிக்குக் கவலை வேண்டாம். காங்கேயத்தில் கோவைக்கு அடிக்கடி பேருந்து உண்டு.

தற்காலிக ஆசிரியை வந்துவிட்டார். வேதியியல், செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளை. சிங்காநல்லூரில் ஆறு மணி வண்டியைப் பிடித்தால் மணியடிப்பதற்குள் நானும் போய்ச் சேரலாம். கடைசி பெஞ்சில் இடமும் இருக்கிறது. பட்டறைக்குத்தான் செவ்வாய் விடுமுறை இல்லை.