ரேடியேட்டர் மூடியைத் திறந்தவன்

ஈப்போவில் என் சீன முதலாளியின் காரை எடுக்கும் முன், தினமும் காலையில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். ராத்திரி முழுக்க மழையில் நின்ற வண்டி, சில்லென்றுதான் இருக்கும். அப்புறம்தான் ரேடியேட்டர் மூடியைத் திறப்பேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் என்சிக் ஹமீது இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் காரணம் கேட்டார். ஊரில் ஒருமுறை சுட்டுக்கொண்டேன் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். மனிதர் உள்ளே ஓடிப்போய் தீப்புண் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். தைலம் தடவ என் கையில் தழும்பு ஏது? சுட்டது வேறு ஆளை.

அவன் பெயர் ஏழுமலை. கே.ஜி.கண்டிகைச் சேரியில் பிறந்தவன். ஈப்போவில் எங்கள் பட்டறையின் பெரிய மெக்கானிக். நான் வெறும் டிரைவர். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்றோமே, அப்போது இரண்டு பேருக்கும் ஒரே தகரத் தட்டு. நான் மலேரியாவில் கிடந்த பதினாறு நாளும் எனக்குக் கஞ்சி ஊட்டியவன் அவன். என்னை ‘அண்ணே’ என்பான். சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் ஒன்றாகவே திரும்பினோம். திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியதுதான் தாமதம், நான் கேட்காமலே என் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் நடந்தான். எனக்கு ஒருமாதிரி இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அக்கா வீட்டில் தங்கினேன். பாவா, அதாவது அக்காள் புருஷன், நிலபுலம் உள்ளவர். ஏலத்தில் ஒரு பழைய கார் எடுத்திருந்தார். மறுநாள் அவர்கள் மகளுக்குத் திருமலையில் கல்யாணம், பெண் அந்தக் காரில்தான் போகவேண்டும். காரோ ஊற்றிய தண்ணீரையெல்லாம் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது. நான் ஊருக்கு எழுதிய கடிதங்களில் பட்டறையே என் கையில்தான் என்று அளந்து வைத்திருந்தேன். காலையெல்லாம் அடியில் படுத்துப் பார்த்தும் ஒழுகும் இடம் தெரியவில்லை. வெட்கத்தை விட்டு ஏழுமலைக்கு ஆள் அனுப்பினேன். திருத்தணி பஸ் முதலாளி பாவாவுக்குச் சிநேகிதர். பாவா ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கு அங்கே மெக்கானிக் வேலை நிச்சயம். அது அவனுக்கும் தெரியும். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

“கொஞ்சம் கோலமாவு கெடைக்குங்களா?” என்று கேட்டான். அக்கா சிரித்தாள். அவன் இன்ஜினைத் துணியால் ஈரம்போகத் துடைத்து, மாவை மேலெல்லாம் தூவி, என்னைத் தண்ணீர் நிரப்பச் சொல்லி ஓடவிட்டான். தண்ணீர் பம்பின் பின்னாலிருந்து மாவில் ஒரு ஈரக்கோடு மெல்ல இறங்கியது. “எங்கியோ சொட்டுதுன்னு அங்கியே தேடிகினு இருந்தா ஆவாதுங்க சாமி. இங்க கெளம்பி அங்க போய் சொட்டுது.” பம்பின் தண்டைச் சுற்றியிருந்த நட்டைக் கழற்றி, மக்கிப்போன அடைப்புக் கயிற்றை எடுத்துப் போட்டான். பொதட்டூர்பேட்டை நெசவு நூலை முறுக்கி, கிரீஸில் தோய்த்துச் சுற்றி மூடினான். மறுபடி தண்ணீர் வேண்டியிருந்தது. பட்டறைப் பழக்கத்தில் கிணற்றடி வாளியை அப்படியே அவன் கையில் கொடுத்துவிட்டேன். அவனே ஊற்றினான். அரைமணி நேரம் ஓடியும் ஒரு சொட்டு இல்லை. பாவா அவன் முன்னாலேயே, “நாளைக் கழிச்சு பஸ் ஷெட்டுக்குப் போடா, சொல்லிட்டேன்” என்றார். போகும்போது ஏழுமலை என்னிடம் தனியாகச் சொன்னான்: “சூடு ஆறட்டும் சாமி. அதுவரிக்கும் மூடியைத் தொடாதீங்க.”

அவன் தெரு முனை தாண்டியிருக்கமாட்டான். அக்கா வந்தாள். “தம்பி, அவன் கை வச்ச தண்ணி உள்ள இருக்குது. அத்தோடவா பொண்ணு திருமலைக்குப் போவும்? தொறந்து வுட்டுட்டு வேற ஊத்து.” இன்ஜின் கொதித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். ஆறட்டும் என்றேன். “ஒரு வாளித் தண்ணிக்கு ஏன்டா இப்படி யோசிக்கிற? அங்க அவனோட ஒண்ணா சாப்ட்டியா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அதை நிரூபிக்கத்தானோ என்னவோ, உடனே ரேடியேட்டருக்கு அடியிலிருந்த குழாயைத் திறந்து கொதிநீரை வெளியே விட்டு, மூடியைத் திறந்து, சில்லென்ற கிணற்றுத் தண்ணீரை இரண்டு குடம் சடசடவென்று ஊற்றினேன். உள்ளே படீர் என்று ஒரு சத்தம். இன்ஜினில் விரல் நீளத்துக்கு விரிசல்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பாவா விரிசலைப் பார்த்துவிட்டு, “யார்ரா பண்ணது? அந்தக் கண்டிகைக்காரனா?” என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். “ஆங், அவன்தான் என்னமோ நோண்டினான்” என்றாள் அக்கா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெண் மாட்டுவண்டியில் ரயிலடிக்குப் போனாள். அவனைப் பஸ் ஷெட்டில் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் ஊரைவிட்டுக் கிளம்புகையில் வழியில் ஏரிக்கரையில் மண் சுமந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தான். “மூடியைத் தொறந்தீங்களா?” என்று மட்டும் கேட்டான். ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இங்கே முதலாளி வாரம் தவறாமல் அவனை விசாரிக்கிறார். ஊரிலேயே நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பொய் மெய்யாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். திருத்தணியில் இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பஸ் முதலாளியிடம் சொல்லுங்கள்: வண்டியைக் கெடுத்தவன் ஏழுமலை இல்லை, நான். பாவா வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். இனி அங்கே எனக்கு இலை போடமாட்டார்கள். கண்டிகையில் அவன் வீட்டு வாசலுக்குப் போகவும் எனக்கு முகமில்லை. ஊர் நினைவு வரும்போதெல்லாம் மனசுக்குள் திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி, என் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருகிறேன். இடப்பக்கம் அக்கா வீட்டுக்கு வழி, வலப்பக்கம் கண்டிகைக்கு வழி. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நிற்கிறேன்.