வாப்பா கேட்ட கேள்வி

வாப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, கிண்ணியாவில் எங்கள் வீட்டில் மருந்தையும் கஞ்சியையும் தவிர வேறு கதையே இல்லாமல் போயிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் என் முதல் குழந்தை இறந்து பிறந்திருந்தது. அதைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை. வாப்பாவுக்கு வேதனை கூடும் என்று நானும் வாய் திறக்கவில்லை.

ஒரு பின்னேரம் அவருடைய காலைத் தடவிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே கேட்டார்.

"மகள், புள்ளைட முகத்தப் பாத்தியா?"

என் கை நின்றுவிட்டது.

"ஓம் வாப்பா, பாத்தன். உங்கட மூக்கு."

வாப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உனக்கு முந்தி எங்களுக்கும் ஒரு ஆம்புளப் புள்ள இப்படித்தான் பிறந்திச்சு. அடக்கிட்டு வந்த நாள்ல இருந்து அதக் கதைக்க எனக்கு ஏலாமப் போச்சு."

குசினி வாசலில் கஞ்சிக் கோப்பையோடு நின்ற உம்மா, கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார்.

"அவனுக்குத் தலை நிறைய முடி. நீங்க கபன் துணியில சுத்தின பிறகுதானே பாத்தீங்க, உங்களுக்குத் தெரியாது" என்றார்.

வாப்பா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மூவரும் சத்தமில்லாமல் அழுதோம்.

அதன்பின் வாப்பா எங்களோடு இருந்தது கொஞ்ச நாட்கள்தான். வலி கூடிய நேரத்திலும், "இன்னும் சொல்லு மகள்" என்பார். நான் என் குழந்தையைப் பற்றிச் சொல்வேன். உம்மா தன் மகனைப் பற்றிச் சொல்வார்.

அவரைக் காப்பாற்றுவதாக எண்ணித்தான் என் துக்கத்தை மறைத்திருந்தேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பின்னேரங்களில்தான் அவர் நோயாளியாக இல்லாமல் என் வாப்பாவாக இருந்தார். இன்னும் கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கலாம்.