ரொசமெல் வாரிய பாசி

வால்டிவியா நகரத்துப் பக்கத்து ஆற்றுக் கழிகளில் சுற்றுலாப் படகோட்டும் ரொசமெல் கத்ரிலேஃபுக்கு, தன் படகுத்துறையை ஒட்டிய வளைவில் கூடு கட்டும் அன்ன ஜோடி என்றால் உயிர். வெள்ளை உடம்பு, கறுத்த கழுத்து. குஞ்சுகளை முதுகில் சுமந்தபடி அவை நீந்தும்போது படகிலிருப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். ரொசமெல் சொந்தப் பிள்ளைகளைக் காட்டுவதுபோல நெஞ்சை நிமிர்த்துவார்.

ஒரே தொல்லை, வளைவு முழுக்கத் தண்ணீருக்கடியில் அடர்ந்து கிடக்கும் வேலம்பாசி. கிட்டே போனால் மோட்டார் விசிறியில் சுற்றிக்கொள்ளும். குனிந்து கத்தியால் அறுக்கவேண்டும்.

"என்ன ரொசமெல், மோட்டாருக்கு முடி வெட்டுறியா?" என்று கடந்து போகும் படகோட்டி நெஃப்தலி சீண்டுவான்.

ரோஷக்கார மனுஷன் சும்மா இருப்பாரா? பழைய கட்டில் சட்டத்தில் நீள ஆணிகளை அறைந்து, கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, படகின் பின்னால் இழுத்தார். வசந்தத்தின் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் வளைவைத் துடைத்து வைத்துவிட்டார். கரையில் குவிந்த பாசியை அவர் மனைவி ஒதிலியா உருளைக்கிழங்குப் பாத்திக்கு உரமாக இட்டாள்.

"அன்னங்க இந்தப் பாசியத்தானேய்யா திங்குதுங்க?" என்று ஒருமுறை கேட்டாள்.

"அட போடி, ஆறு பூரா பாசிதான் கெடக்கு. எங்க போய் மேயணும்னு அதுங்களுக்குத் தெரியாதா?"

தெரிந்துதான் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. முன்பெல்லாம் அடைகாக்கும் பெட்டை கூட்டைவிட்டு இறங்கினால், பக்கத்திலேயே நாலு வாய் மேய்ந்துவிட்டு ஏறிக்கொள்ளும். இப்போது இரண்டுமே தொலைவிலிருந்த பெரிய ஆறுவரை போகவேண்டியிருந்தது. முட்டைகள் பல குளிர்ந்து கெட்டுப்போயின. மிச்சத்தைப் பருந்து கொத்திவிட்டது. ஜோடி போனது போனதுதான். படகு இப்போது தங்குதடையில்லாமல் கூடுவரைக்கும் போகும், வெறும் கூடு. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

அந்த வருஷம் உருளைக்கிழங்கு அமோக விளைச்சல். ரொசமெல் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

ஆறு வருஷமாக, வெள்ளத்தில் மிதந்து வரும் பாசியைப் பொறுக்கி, கூழாங்கல்லில் கட்டி, வளைவில் இறக்குகிறார். பிடித்து வைக்கப் பாசி இல்லாததால் ஆணிகள் கிளறிய சேறு இன்னும் அடங்கவில்லை, வேர் பிடிக்க மறுக்கிறது. நெஃப்தலி இப்போது கேலி பேசுவதில்லை. தன் படகிலும் பாசி அள்ளிக்கொண்டு வந்து தருகிறான்.

போன வசந்தத்தில் ஒற்றை அன்னம் ஒன்று வளைவில் வந்து இறங்கியது. ரொசமெல் சட்டென்று மோட்டாரை அணைத்தார். அன்னம் கழுத்தைத் தண்ணீருக்குள் விட்டது, வெறும் அலகோடு நிமிர்ந்தது. மறுபடி விட்டது, மறுபடி வெறும் அலகு.

படகில் இருந்த, சாந்தியாகோவிலிருந்து சுற்றிப்பார்க்க வந்திருந்த அம்மாள் கையைத் தட்டினாள். "ஐயா, எவ்வளவு அழகா முங்கிக் குளிக்குது பாருங்க!"

"குளிக்கலம்மா, தீனி தேடுது."

"இங்க இல்லையா?"

அன்னம் சிறகடித்து எழுந்து பெரிய ஆற்றுப் பக்கம் போனது.

"இருந்துச்சு," என்றார் ரொசமெல். "நான்தான் வாரிட்டேன்."