கடைசி மூன்று வரி

“கேட்டாச்சா அத்தை? இப்ப சொல்லுங்க, யார் மேல கோபம் வருது?”

காலை ஏழரை மணிக்குச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு என் மாப்பிள்ளை கேட்கும் கேள்வி இது. ஒரு கையில் தாள், மறு கையில் சிவப்புப் பேனா. பேனா மூடி பல்லிடுக்கில். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே, “குடிச்சுட்டு லாரி ஓட்டினவன் மேல” என்றால் தாள் பைக்குள் போய்விடும். “இந்த லாரிக்காரங்களே இப்படித்தான்” என்றுவிட்டால் போச்சு. படியிலேயே குந்தி எதையோ அடிப்பார். மறுபடி வாசிப்பார்.

எனக்கு எழுத்து தெரியாது. அதனால்தான் என்னிடம் வருகிறார். “படிச்சவங்க செய்தியில தப்பு தேடுவாங்க. நீங்கதான் அத்தை செய்தியைக் கேக்கிறீங்க” என்பார். ஐஸ் வைக்கிறார் என்று தெரியும். தெரிந்தாலும் குளிரத்தான் செய்கிறது.

நாலே பக்கம் வரும் மதியப் பத்திரிகை அவருடையது. அவருடையது என்றால், ஆசிரியர் அவர், முதலாளி வேறு. பதினோரு மணிக்கு அச்சுக்குப் போய்ப் பன்னிரண்டரைக்குக் கடைகளில் தொங்கும். அச்சகத்தில் அவருக்குச் சிவப்பு மை என்று பெயர். “சிவப்பு மை வருதுடா, வாயை மூடு” என்பார்களாம். யார் எதைச் சொன்னாலும், “நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?” என்பார். பால் பொங்கிவிட்டது என்று என் மகள் கத்தினால் அவளிடமும் அதே கேள்விதான். “வந்து நக்கிப் பாருங்க” என்பாள் அவள்.

யார் மேல கோபம் என்ற கேள்வி மட்டும் ஆறு வருடமாகத்தான்.

அப்போது மேட்டுத்தெரு ஆட்கள் இரண்டு பேர், கடைவீதித் தள்ளுவண்டிக்காரர் ஒருவரைக் கம்பியால் அடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை எழுதினார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பக்கம் கட்டும்போது இடம் போதவில்லை. இடம் போதாவிட்டால் செய்தியை அடியிலிருந்து வெட்டுவது அவர்கள் வழக்கம். கடைசி மூன்று வரி போயிற்று. அடிபட்டவரைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அதே மேட்டுத்தெருவின் தையல்காரர் என்பது அந்த மூன்று வரியில் இருந்தது. சாயங்காலம் கடைவீதி ஆட்கள் மேட்டுத்தெருவில் புகுந்து பதினொரு வீட்டைக் கொளுத்தினார்கள். தையல்காரர் வீடும் அதில் ஒன்று. மிஷினை வெளியே இழுக்கப் போனவரின் வலது கை வெந்துபோயிற்று.

“நீங்களா பத்த வச்சீங்க? சாப்பிடுங்க” என்று அன்று ராத்திரி தட்டை நகர்த்தினேன்.

“பொய் எழுதியிருந்தா மன்னிப்பு கேட்டிருப்பேன் அத்தை. எழுதினது அத்தனையும் உண்மை. என்னன்னு போய்க் கேக்கிறது?” தட்டைத் தொடவில்லை.

போன மாதம், சந்தையில் மூட்டை தூக்கும் கடைவீதிப் பையன் பாலத்தடியில் செத்துக் கிடந்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்றது போலீஸ். மாப்பிள்ளை நாலு நாள் வெயிலில் நடந்து கண்டுபிடித்தார். வாய்த் தகராறில் மூன்று பேர் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். மூவரும் மேட்டுத்தெரு. அதைப் பார்த்தவளும் மேட்டுத்தெருக்காரிதான், வீட்டு வேலைக்குப் போகிறவள். ஓடி இறங்கித் தன் துப்பட்டாவைக் கிழித்து அவன் தலையைக் கட்டியிருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் போனில் சொன்னது எனக்கே கேட்டது. “உண்மைதான் சார், யார் இல்லைன்னது? பத்து நாள் போகட்டும். ஊர் தாங்காது.” முதலாளியும் அதையேதான் சொன்னார்.

அன்றே பையனின் அம்மா வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவள். சோப்பில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தன. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“குடிகாரன்னு பேசறாங்க சார். டீயே ஒரு வேளைதான் குடிப்பான். யார் வீடும் எரியணும்னு கேக்கல. என் பிள்ளை எப்படிச் செத்தான்னு ஒரு தாள்ல இருக்கணும்.”

மறுநாள் காலை வாசித்தார். “மேட்டுத்தெரு மேல கோபம் வருது” என்றேன். தெருவின் பெயரை அடித்துவிட்டு மறுபடி வாசித்தார்.

“அந்த மூணு பேரு யாருன்னு ஊருக்கே தெரியும். பேரை அடிச்சா தெரு மறைஞ்சுடுமா? போடாதீங்க மாப்பிள்ளை. பதினொரு வீடு போதாதா?”

“போடலைன்னா அந்த அம்மாவுக்கு நீங்க பதில் சொல்றீங்களா?”

ஆனாலும் போடக்கூடாது என்றுதான் அன்று சொன்னேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அன்று போடவில்லை. அந்த வேலைக்காரியைத் தேடிப் போய், அவள் செய்ததை எழுதலாமா என்று கேட்டார். “பேர் வேண்டாம் சார். மேட்டுத்தெருக்காரின்னு போடுங்க” என்றாளாம். அங்கிருந்து நேராக இன்ஸ்பெக்டரிடம் போய், “நாளைக்குப் பன்னிரண்டரைக்கு வருது. அதுக்குள்ள பிடிக்க வேண்டியவங்களைப் பிடிங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். விடிவதற்குள் இரண்டு பேரைப் பிடித்தார்கள். ஒருவன் ஓடிவிட்டான்.

காலையில் புதிதாக எழுதியதை வாசித்தார். அடிபட்டவன் தலைக்கு மேட்டுத்தெருப் பெண் ஒருத்தி கட்டுப் போட்டதுதான் முதல் வரி. அடித்தவர்கள் பிறகுதான் வந்தார்கள், பெயரோடு. பையன் குடிக்கவில்லை என்பதும் இருந்தது.

“யார் மேல?”

“அந்த மூணு பேர் மேல. ஆனா பயமா இருக்கு.”

“அதை அடிக்க என்கிட்ட மை இல்லை அத்தை.”

ஒரு மணிக்குச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நானும் மகளும் அலுவலகம் போனோம். அங்கே இல்லை. மேட்டுத்தெருப் பக்கம் போனார் என்றார்கள். பாதி வழியில் என் மகளுக்கு நடை ஓட்டமாகிவிட்டது.

தெரு முனையில் டீக்கடை சாத்தியிருந்தது. அதன் பெஞ்சைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார், தனியாக. தெருவுக்குள்ளே ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. எதிரே கடைவீதி ஆட்கள் நாற்பது பேர் இருப்பார்கள், எல்லார் கையிலும் பத்திரிகை. அவர்களுக்கு முன்னால் இரண்டே இரண்டு போலீஸ்காரர்கள். யாரும் கலைந்து போகவில்லை.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பையனின் அம்மா வெளியே வந்தாள். வேலை உடுப்பிலேயே இருந்தாள். எதற்கு வருகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸ்காரர்களைத் தாண்டி நேராகப் பெஞ்சை நோக்கி நடந்தாள்.

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.