இன்னாசிக்கு எடுத்து வைத்த தாம்பாளம்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1984இல், தருமபுரி கடைவீதியில் கடிகாரம் பழுது பார்த்த அப்துல் கனிக்கு நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

எதிர்க்கடை இன்னாசியை நினைத்தாலே கனிக்கு வயிறு எரியும். அந்தக் காலத்துச் சுவர்க்கடிகாரங்களுக்கு இரண்டு பேருமே பல்சக்கரம் வெட்டினார்கள். கனி வாங்கும் புதுத் தகடு இளக்கமானது. ஆறே மாதத்தில் பல் தேய்ந்துவிடும். இன்னாசி வெட்டியதோ தேயாது. பாவி, எங்கேதான் பித்தளை பிடிக்கிறானோ! இண்டூர் முனிராஜ் தன் வீட்டுப் பெரிய கடிகாரத்தைத் தரும்போதே சொல்லிவிட்டார்: இந்தத் தடவையும் தேய்ந்தால் அடுத்து இன்னாசிதான்.

கனி இன்னாசியின் பின்னாலேயே போய்க் கண்டுபிடித்தான். மொரப்பூரில் மாதையனின் பழைய சாமான் கடை. தட்டித் தட்டி இறுகிய பழங்காலத்துப் பித்தளைத் தாம்பாளம் ஒன்று இன்னாசிக்கென்று தனியாக இருந்தது. மறுநாள் போய், இன்னாசிதான் அனுப்பியதாகக் கூசாமல் பொய் சொல்லி வாங்கினான். மாதையன் ஒன்றுதான் சொன்னார்.

"பேரை அழிச்சிட்டு வெட்டுங்க பாய்."

தாம்பாளத்தில் காசியம்மாள் என்று புள்ளி குத்தியிருந்தது. பெயரை அரத்தால் தேய்த்த பிறகே ரம்பம் வைப்பது தொழில் வழக்கம். அதற்குள் இன்னாசி வந்து பிடுங்கிக்கொண்டால்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பெயரோடு சேர்த்தே வெட்டினான்.

சக்கரத்தைப் பூட்டியதும் முனிராஜின் கடிகாரம் ஓடியது. அடடா, என்ன ஓட்டம்! இன்னாசி காதில் விழட்டும் என்று கடை வாசலிலேயே மாட்டினான்.

டிக்... டிக்...

மத்தியானம் மூன்று பத்து. நின்றது.

மறுநாளும் மூன்று பத்து.

பிரித்தான். சக்கரத்தின் முகத்தில் முழுப் பெயரும் இருந்தது. அரம் போட்டான். வழவழவென்று ஆனது. மாட்டினான்.

மூன்றாம் நாள்... மூன்று பத்து.

பிரித்தான். விரலில் புள்ளிகள் நெருடின.

காசியம்மாள்.

இன்னாசியே கட்டிக்கொண்டு அழட்டும் என்று கடிகாரத்தோடு இண்டூர் பஸ் ஏறினான். முனிராஜ் இல்லை. அவர் மனைவி மாதம்மாளிடம் சக்கரத்தைக் காட்டி, மொரப்பூர்த் தாம்பாளத்தில் வெட்டியது என்றான்.

அவள் பின்வாங்கினாள்.

"எங்க வூட்டுக்காரரோட மூத்த சம்சாரம் பேருங்க அது. செத்து ஆறு வருசமாச்சு. மூணு பத்துக்குத்தான் உசுரு போச்சு."

கனி சக்கரத்தைக் கீழே வைத்தான்.

"தாம்பாளத்தை வித்தது நான்தான் பாய். அவ பேரு இந்த வூட்ல இருக்கக் கூடாதுன்னு அரம் வெச்சு அழிச்சேன்..."

அவள் குரல் இறங்கியது.

"மூணு தரம் அழிச்சேன்."