குணசீலன் சார் தட்டாத கதவு

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். "அண்ணா, வாசல்ல பந்தல் போடணும், துக்க வீடு" என்று ஒரு பெண் போனில் அழுதபோது, தொழில் பழக்கத்தில், "நாற்காலி எத்தினிம்மா, ஐஸ் பொட்டி சொல்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் யார் வீடு என்று கேட்கத் தோன்றியது. "நான் செல்வி பேசறேண்ணா. அப்பா போயிட்டாரு" என்றாள். கையில் இருந்த கயிற்றுக் கட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் அப்பா குணசீலன் சாரைத் திருமுல்லைவாயிலில் நம் தெருக்காரர்களுக்குத் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: வானிலை அலுவலகத்தில், மழை வருமா வராதா என்று சொல்லும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஏகாம்பரம், பந்தல் போடுகிறவன். அவருக்கும் எனக்கும் ஒரே வானம்தான் முதலாளி. அதனால் தினமும் டீக்கடையில் அவரை வம்புக்கு இழுப்பேன்.

"இன்னா சார், ஓரிரு இடங்கள்ல மழைன்னு சொல்ட்டீங்க. அந்த ஓரிரு எடத்துல நம்ம பந்தல் கீதா இல்லியா?"

"வானம் ஏரியா பேருதாம்பா சொல்லுது. கதவு நம்பர் கேட்டா முறைக்குது."

கடையே சிரிக்கும், அவரும் சிரிப்பார். ஆனால் தனியாக அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. முகப்பேரில் ஒரு கல்யாணப் பந்தல் போட்டபோது ஓரமாகக் கூப்பிட்டு, "எனக்கு மட்டும் சொல்லு சார், யார்கிட்டயும் மூச்சு வுட மாட்டேன்" என்று கெஞ்சினேன்.

"டிவில சொன்னதுதாம்பா. உனக்கு ஒரு மழை, ஊருக்கு ஒரு மழைன்னு எங்கிட்ட கிடையாது" என்றார்.

பந்தல் நனைந்தது. மாப்பிள்ளையும் நனைந்தார். மறுநாள் டீக்கு அவரைத்தான் காசு கொடுக்க வைத்தேன்.

அந்தக் கட்டுப்பாட்டை அவர் ஒரே ஒரு முறை மீறினார். அது கார்த்திகை மாதம். மிகக் கனமழை என்று டிவியில் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது; வெளியே சுள்ளென்று வெயில். யாரும் மதிக்கவில்லை, நானும்தான். என் கோடவுன் அப்போது ஏரியின் உபரிநீர் போகும் கால்வாயை ஒட்டிப் பள்ளத்தில் இருந்தது. என்னிடம் வேலை பார்த்த முருகனும் நிறைமாதமாக இருந்த அவன் மனைவியும் அதன் பின்னறையில் குடியிருந்தார்கள். மதியம் டூட்டிக்குப் போகிற வழியில் சார் கோடவுன் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். இறங்கவில்லை.

"அவங்க ரெண்டு பேரையும் உன் வீட்டு மாடிக்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே."

"இன்னா சார், கதவு நம்பர் கெட்ச்சிடுச்சா?"

"சிரிக்காத ஏகாம்பரம்."

அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை. அழைத்துப் போனேன், வழியெல்லாம் அவரைக் கிண்டல் அடித்துக்கொண்டே. சாயங்காலம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் தண்ணீருக்கு மேலே கோடவுனின் தகரக் கூரை மட்டும்தான் தெரிந்தது.

தண்ணீர் வடிந்ததும் முருகனை அழைத்துக்கொண்டு பழத்தட்டோடு நன்றி சொல்லப் போனேன். சார் தட்டைத் தொடவில்லை.

"கால்வாய்க்கு அந்தப் பக்கம், லேத்துப் பட்டறையில ஒரு வாட்ச்மேன் இருந்தாரே, தெரியுமா?"

தெரியும். அன்று காலையில்தான் அவர் உடலை எடுத்திருந்தார்கள்.

"அவர் வாசல் வழியாத்தான் உங்கிட்ட வந்தேன். கேட்டுப் பக்கத்துல உக்காந்து பீடி புடிச்சிட்டு இருந்தாரு. நான் வண்டிய நிறுத்தல. உன்னத் தெரியும், அவரத் தெரியாது. அவ்ளோதான் வித்தியாசம்."

"நீ சொல்லியிருந்தாலும் அந்தாளு கேட்டிருப்பாரா சார்? நானே சிரிச்சேனே."

"கேட்டிருக்க மாட்டாரு. ஆனா நான் சொல்லல."

முருகன் தட்டை ஏந்தியபடியே நின்றான்.

அதன் பிறகு எச்சரிக்கை வரும்போதெல்லாம், டூட்டி இல்லாத வேளையில், கால்வாய் ஓரம் முழுக்கக் கதவு கதவாகப் போய்த் தட்டினார். புதிதாக ஒன்றும் சொல்ல மாட்டார். டிவியில் வந்ததையேதான் நேரில் சொல்வார். பாதி நாள் மழை வராது. "பெர்சு, நேத்து ஒரு சொட்டு வந்துச்சா? பொழப்ப கெட்த்துட்டியே" என்று ஏசுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் போனார். நெஞ்சுவலி வந்து, மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்ன பிறகும் போனார்.

"எத்தினி நாளிக்கு சார் இப்டி திட்டு வாங்குவே?" என்று கேட்டேன்.

"திட்டு வாங்கறது லேசுப்பா" என்றார்.

எது கனம் என்று நான் கேட்கவில்லை. எல்லாக் கதவையும் தட்டிவிட்டுத் திரும்பிய நாளிலும் அவர் முகம் தெளிந்து நான் பார்த்ததில்லை. இனித் தட்ட முடியாத கதவு ஒன்று அவருக்கு இருந்தது. அதோடுதான் போனார்.

அவருடைய படிப்பு எனக்கு வராது. பொறுமையும் கிடையாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: மேகம் கூடிய நாளில், முகம் தெரியாத ஆளின் வாசலைத் தாண்டும்போது என் வண்டி நிற்கிறது.

காரியம் முடிந்த வாரமே ஆரஞ்சு எச்சரிக்கை வந்தது. கால்வாய் ஓரம் நானே போனேன். எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டுக் கடைசி வீட்டுக்குப் போகும்போது, மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் விழுந்தேன். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "யாரு நைனா நீ?" என்றார். "நாளிக்கு மழ வருது, மேட்டுக்குப் போய்டுங்க" என்று உள்ளே நின்றபடியே சொன்னேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு ஏணி எடுத்துவரப் போனார். மறுநாள் மழை பெய்யவில்லை. என் இடது கால் செருப்பு இன்னும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது.