ஐந்தாவது அசை

மேசையை விரல் முட்டியால் தட்டுகிறார் டீச்சர். "ஆ-ப்லா-ரீ-ஆ-மோஸ்." அசைக்கு ஒன்றாக ஐந்து தட்டு, மூன்றாவது மட்டும் ஓங்கி. 'வாய்ப்பிருந்தால் பேசுவோம்' என்பதை ஒரே சொல்லில் அடக்கும் ஸ்பானிய வினை அது. வேலை முடிந்து மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் கொட்டாவியோடு எண்ணுகிறார்கள்.

"ரீ மேல சாய்வா ஒரு கோடு இருக்கு பாருங்க. கோடு விழுந்தா பக்கத்து 'ஆ' தனிக்குடித்தனம். சேர்த்து வாசிச்சீங்க, கொன்னுடுவேன்!"

'அசை போடுற டீச்சர்' என்று மாணவர்கள் வைத்த பெயர் காதில் விழுந்தும் அவர் கோபித்ததில்லை. "என்னைச் சாப்பிடக் கூப்பிடும்போதுகூட பிரிச்சுப் பிரிச்சுத்தான் கூப்பிடுறா" என்பது வீட்டுக்காரரின் புகார். டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வருவது ஒரே ஒரு சொல்லுக்குத்தான்: "உத்தேசமா".

போன வாரம் தேர்வு முடிவு வந்தது. வெளிநாட்டு மருத்துவமனை வேலைக்காக ஸ்பானியம் படித்த நர்ஸ் ஒரு மதிப்பெண்ணில் தோற்றிருந்தாள். இதே சொல்லுக்கு ஐந்து அசை என்று எழுதியிருந்தாள். தேர்வு அலுவலகம் அச்சிட்ட விடைக்குறிப்பில் நான்கு. "நான்தான் தப்பா எண்ணிட்டேன் போல, டீச்சர்" என்று தலைகுனிந்தாளே, அதைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை. சரியாக எழுதியவள் எதற்குத் தலைகுனிய வேண்டும்? அன்று பாடத்தை நிறுத்திவிட்டு, தேர்வெழுதிய ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். ஐந்து என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் பதினேழு பேர்.

மறுநாள் காலை தேர்வு அலுவலகத்தில் போய் நின்றார். அதிகாரி விடைக்குறிப்பைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு அசைதானே மேடம்? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஒரு மார்க்குன்னு அவளை ஃபெயிலாக்கும்போது ஒண்ணு பெருசா இருந்துச்சு. இப்ப சின்னதாப் போச்சா?"

அதிகாரியின் சிரிப்பு நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கியது. "சரி, அந்தப் பொண்ணுக்கு மட்டும் போட்டுடறோம். வெளிய தெரிய வேணாம்."

டீச்சருக்குக் காது மடல் சிவந்தது. "பிச்சையா போடுறீங்க? பதினேழு பேருக்கும் போடுங்க. தப்பு உங்க ஆபீசோடதுன்னும் எழுதிக் கொடுங்க."

"அதெல்லாம் மேலிடத்துல கேக்கணும் மேடம். உத்தேசமா ரெண்டு மாசம்..."

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். மேசையில் கிடந்த அதிகாரியின் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் முன்னால் நீட்டினார்.